மாரித்தாய் என்ன கேட்டாள்?

மாரித்தாய் என்ன கேட்டாள் என்பது மணிராஜுக்குத் தெரியாது. ஆனால் பதில் சொல்லிவிட்டான். மேளம் முழங்க, ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசி "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டான். சொன்னது மணிராஜாக இருந்தால் மறுநாள் பல்லைக் காட்டி மழுப்பிவிடலாம். சொன்னது சுடலைமாடன். ஆடி மாதக் கோயில் திருவிழாவான கொடையில் கோமரத்தாடியின் மேல் இறங்கி நின்று சுடலை ஒரு வாக்குச் சொன்னால் சொன்னதுதான். கோமரத்தாடி என்பவன் சாமி இறங்குவதற்கென்றே குடும்பத்தில் குறித்து வைத்த ஆள். அவன் வாயில் வந்ததை மாற்றக் கலெக்டராலும் ஆகாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சொன்ன அந்த ஒரு சொல், சாயங்காலம் குளித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும்போதுதான் அவனை வந்து பிடித்துக்கொண்டது. சித்தி மாரித்தாய் வந்தாள். உதடு அசைந்தது. என்னவோ கேட்டாள். நான் ஆகட்டும் என்றேன். எதற்கு ஆகட்டும் என்றேன்? வீட்டை விற்கவா? ராதாபுரத்தில் கட்டிக்கொடுத்த தன் மகள் பொன்செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடவா? சோற்றைத் தள்ளி வைத்தான். சாமி ஆடிய களைப்பென்று நினைத்து அவன் மனைவி சந்தனமாரி ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மேளச் சத்தத்தில் கேட்காமல் போயிருந்தால் அது மன்னிக்கக்கூடிய குற்றம். அதுதான் இல்லை. சாமி ஆடிய அந்த நேரம் முழுவதும் மணிராஜின் இரண்டு காதுக்குள்ளும் வேறொரு சங்கதி ஓடிக்கொண்டிருந்தது. அதை விளங்கிக்கொள்ள அவன் பிழைப்பைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

மணிராஜுக்குச் சீவலப்பேரிக்கு அடுத்த ஒரு சின்ன ஊர். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் சில வருடம் கோவாவில் இருந்தான். கோவா என்றதும் டீக்கடையில் ஆட்கள் கண்ணடிப்பார்கள். அவர்கள் நினைக்கிற கோவாவை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவன் அங்கே ஜெனரேட்டர் ஆள். கடற்கரையை விட்டுத் தள்ளி, முந்திரிக் காட்டுக்குள் ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்டு ஆட்டம் நடக்கும். அதற்கு நோட்டீஸ் கிடையாது, போஸ்டர் கிடையாது. எந்தக் காடு, எந்த வழி என்பது கடைசி நேரத்தில்தான் வருகிறவர்களின் போனுக்குப் போகும். அண்டர்கிரவுண்ட் என்று அதற்குப் பெயர். டீசல் கேன்களோடு முதல் ஆளாகப் போய் இறங்கி, கடைசி ஆளாக ஏறி வருவது மணிராஜ்தான்.

முதல் நாள் அந்தப் பாட்டைக் கேட்டு அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. ரைஸ்மில்லில் பெல்ட் அடிப்பதுபோல ஒரே தட்டு. பாடுகிறவன் இல்லை, பல்லவி இல்லை, சரணம் இல்லை. இதற்கா வெள்ளைக்காரன் விமானம் ஏறி வருகிறான் என்று நினைத்தான். ஆனால் மோட்டார் சத்தம் கேட்டே பழகிய காது சும்மா இருக்காதே. நாலைந்து ஆட்டம் கழிந்தபின் அந்த ஒரே தட்டுக்குக் கீழே நடக்கிற வேலை அவனுக்குப் புலப்பட்டது. தட்டு மாறாது. அதன்மேல் சலங்கைபோல ஒன்று பைய ஏறும். வயிற்றால் கேட்கிற கனத்த சத்தம் ஒன்று கூடவே வந்துகொண்டிருக்கும். திடீரென்று அதை உருவிவிடுவார்கள். கால் தரையைத் தேடும். இப்போது வரும், இப்போது வரும் என்று காக்க வைத்து, நீ எதிர்பார்த்த இடத்தில் வராமல், நீ விட்டுவிட்ட இடத்தில் வந்து விழும். மணிராஜ் முதல் தடவை அதைச் சரியாகக் கேட்டபோது, ஜெனரேட்டரில் கை வைத்தபடியே அழுதுவிட்டான். ஏன் அழுதான் என்று அவனுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அவனுக்கு அதில் பிடித்தது இரண்டு. ஒன்று, அதில் பேச்சு கிடையாது. சினிமாப் பாட்டு உன் தோளில் கை போட்டு இப்போது அழு, இப்போது காதலி என்று சொல்லிக்கொண்டே வரும். இது ஒன்றும் சொல்லாது. "பேச்சே இல்லங்கதுனால பொய்யும் இல்ல பாத்துக்க" என்று சந்தனமாரியிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னான். இரண்டாவது, அந்த இருட்டில் ஆடுகிறவனை யாரும் தம்பிக்கு எந்த ஊர், யார் மகன், எந்த ஆளுகள் என்று கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நாக்குத் தேய்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விடியற்காலையில் அவன் தன்னை மறந்து ஆடினான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீசல் தீர்ந்து, ஜெனரேட்டர் முக்கி முனகி நின்று, விளக்கெல்லாம் அணைந்து, சத்தம் அறுந்து, சனம் கூச்சல் போட்டபிறகும் மணிராஜ் மட்டும் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தானாம். அன்றோடு வேலை போயிற்று. பாட்டுக்குள் இருக்கும்போது தன்னை நம்பி விட்ட காரியம் காதில் விழாது என்று அன்றைக்கே அவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தால் அவன் மணிராஜ் இல்லையே.

ஊருக்கு வந்தபின் இந்த இசையைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் டிஜே என்ற பெயரில் சினிமாப் பாட்டைச் சம்மட்டியால் அடிப்பதைக் கேட்டால் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். சீவலப்பேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த நாட்டிலோ எவனோ செய்து பெயர்கூட வைக்காமல் வெறும் எண் மட்டும் போட்டு விட்டிருக்கும் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு பாளைக்குப் போவான், வருவான். அதுதான் அவன் கோயில் என்று சொன்னால் தப்பில்லை.

நிஜக் கோயில் வேறு விதமாக அவன் தலையில் விழுந்தது. அவன் அப்பா சுடலைக்குக் கோமரத்தாடி. அவர் ஆடினால் மகுடம் என்ற மேளம் அடிக்கிறவர்களே பயந்து பின்வாங்குவார்கள். ஆட்டத்தில் அவர் வாயிலிருந்து "ஆகட்டும்" என்பதைத் தவிர வேறு சொல் வராது. அவர் செத்து வருடம் திரும்பியதும் சாமியின் ஈட்டியான வல்லயம் மணிராஜ் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து வழக்கம் என்னவென்றால், புதுக் கோமரத்தாடிக்கு மூன்று கொடை தவணை. மூன்றாவது கொடைக்குள் சாமி இறங்கிவிட்டது என்று பங்காளிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சாமி முன்னால் பூக்கட்டி உத்தரவு பார்த்து வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றப்பட்டவன் அப்புறம் கோயில் பக்கம் தலைநிமிர்ந்து வர முடியாது. அவன் அப்பன் ஆடியதும் வேஷமோ என்று கேட்பார்கள். மணிராஜுக்குத் தாங்க முடியாதது அதுதான்.

முதல் கொடையில் சாமி வரவில்லை. அப்பாவைப் பார்த்த ஞாபகத்தில் ஆடி முடித்தான். இரண்டாவது கொடையிலும் வரவில்லை. மகுடம் காது கிழிய அடிக்கிறார்கள், குலவை விடுகிறார்கள், எல்லாக் கண்ணும் தன்மேல் இருக்கிறது. கோவாவில் ஒருத்தன்கூடப் பார்க்காத இருட்டில் வந்தது, இங்கே ஊரே பார்க்கிற வெளிச்சத்தில் எப்படி வரும்? பெரியப்பா மகன் சுடலைமுத்து, அடுத்த வல்லயத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பவன், டீக்கடையில் வைத்தே சொன்னான். "காலு ஆடுது வே, ஆளு ஆடலயே."

மூன்றாவது கொடைக்கு மணிராஜ் செய்த காரியம்தான் கதை. சுடலையின் கோமரத்தாடிக்கு மணி தைத்த சல்லடம் என்ற கால்சட்டையும் உயரமான குல்லாவும் உடுப்பு. குல்லாவை இழுத்து மாட்டினால் இரண்டு காதும் மறையும். கச்சைக்குள் போனைச் செருகி, குல்லாவுக்குள் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினான். அது வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைத்துவிடுகிற வகை.

அன்றைய ஆட்டம்! பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். வெளியே மண்ணை அதிர வைக்கும் மகுடம் ஒரு பக்கம், உள்ளே அந்த மாறாத தட்டு ஒரு பக்கம். எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் கொஞ்ச நேரத்தில் மணிராஜுக்கே மணிராஜ் தட்டுப்படவில்லை. கனத்த சத்தத்தை உருவி எடுத்த இடத்தில் அவன் அசையாமல் நின்றான். மகுடக்காரர்கள் திகைத்துத் தாளத்தை விட்டார்கள். அது திரும்பி வந்து விழுந்தபோது அவன் வல்லயத்தோடு எழும்பிய எழும்பலில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். "அப்பன் மாதிரியே இருக்கு" என்று யாரோ அழுதார்கள். சுடலைமுத்துவே கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு வாக்குக் கேட்கிறவர்களின் வரிசை வந்தது. அதற்குமுன் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் திட்டம். ஆனால் கை எங்கே, கச்சை எங்கே என்று அவனுக்கு நினைப்பில்லை. வந்தவர்கள் மஞ்சள் தண்ணீருக்குள் தெரிகிற முகங்களாகத் தெரிந்தார்கள். அவர்களில் ஒன்று சித்தி மாரித்தாயின் முகம். உதடு அசைந்தது. ஒரு கை அவன் தலையை வந்து தொட்டது. அவன் ஆகட்டும் என்றான்.

சனிக்கிழமை காலையில் சந்தனமாரி அடுப்படியில் வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. ஆனா மனசு கேக்கல. சித்திக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரில திங்கக்கிழம வந்து சேந்துரணும்னு சொல்லிருக்காவளாம். கொடையில சாமிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுதான் முடிவு பண்ணுவேன்னாவ."

மணிராஜ் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "கேட்டாவளா?"

"நீங்கதான நெத்தி நெறயப் பூசி விட்டிய. எனக்கு எப்படித் தெரியும்?" சந்தனமாரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சாமி வந்தா ஆளுக்கு ஒண்ணும் நெனவு இருக்காதோ?"

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சேதி வந்தது. திங்கட்கிழமை களை பறிக்க வருவதாக மாரித்தாய் களைக்கு ஆள் சேர்க்கிற கொத்துக்காரியிடம் சொல்லிவிட்டாளாம். ஆக, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மணிராஜ் கூட்டிக் கழித்துப் பார்த்தான். போக வேண்டாம்தானே சுடலை என்று அவள் கேட்டிருக்கிறாள். ஆகட்டும் என்று இவன் சொல்லியிருக்கிறான். கட்டியோடு ஒருத்தியை வயலுக்கு அனுப்பிவிட்டான். அவளுக்கு ஒன்று ஆனால் அது இவன் வாயால் ஆனது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து "போகட்டுமா" என்று சொல்லிப் பார்த்தான். "போக வேண்டாமா" என்று சொல்லிப் பார்த்தான். "இருந்துக்கிடட்டுமா" என்றும் சொல்லிப் பார்த்தான். எதைச் சொன்னாலும் சித்தியின் உதடு மாதிரியேதான் இருந்தது. ஒன்றும் பிடிபடாமல் பாட்டையாவது கேட்போம் என்று காதில் மாட்டினான். கனத்த சத்தம் எடுபட்டு, காத்திருக்கிற அந்த இடம் வந்தது. அங்கே சித்தியின் வாய் அசைந்தது. பிடுங்கி வைத்துவிட்டான். அந்த இசையை அவனால் கேட்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

இன்னொரு தடவை சாமி வந்ததாக ஆடி, ஆஸ்பத்திரிக்குப் போ என்று வாக்கை மாற்றிச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடையும் இல்லாமல் மேளமும் இல்லாமல் சுடலை ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கிய வரலாறு அந்த ஊரில் இல்லை. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் எது போய்விடும் என்பதைக் காட்டுவதுபோல டீக்கடையில் சுடலைமுத்து எழுந்து நின்று பெஞ்சில் இடம் விட்டான்.

"உக்காருங்க சாமி. நான் பேசினத மனசுல வச்சிக்கிடாதிய. மூணாங்கொடையில சொடல ஏத்துக்கிட்டுல்லா! பங்காளிய எல்லாம் சேந்து சொல்லியாச்சி. இனி ஆயுசுக்கும் நீங்கதான்."

தன்னைவிட மூத்தவன் தன்னைச் சாமி என்று கூப்பிடுகிறான். வாங்கிக் கொடுத்த டீயை மணிராஜ் நாக்குச் சுட ஒரே மடக்கில் குடித்தான். மடியில் கனம் இருக்கிறவனுக்கு வழியெல்லாம் பயம்தான். அன்று சாயங்காலம் மாரித்தாயின் வீட்டுத் தெரு முனைவரை போவதும் திரும்புவதுமாக இருந்தான். கதவு திறந்துதான் கிடந்தது. அவன் கால்தான் போகவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் போய் நின்றான். ஆடிக் காற்று பயிரைச் சாய்த்துச் சாய்த்து விட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்தார்கள். கடைசியில் மாரித்தாய். ஒரு கையால் பறித்தாள், மற்ற கையை அவ்வப்போது இடுப்பில் ஊன்றி நின்றாள். அவள் நிமிர்ந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் மணிராஜ் வரப்பில் ஒரு காலை இறக்கிவிட்டுத் திரும்ப எடுத்தான். சாப்பாட்டு நேரத்துக்கு மற்றவர்கள் புளியமரத்தடிக்குப் போக, அவள் தூக்குவாளியோடு வாய்க்காலில் கால் கழுவ வந்தாள்.

"என்னலே, சாமி வேலைக்குப் போகலியா?" என்றாள்.

"சித்தி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கொடையில நீங்க கேட்டது எனக்குக் கேக்கல."

அவள் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"காதுல பாட்டு போட்டிருந்தேன் சித்தி. சாமி வரல. மொத ரெண்டு கொடையிலயும் வரல, சும்மாதான் ஆடினேன். இந்தத் தடவ வரணுமேன்னு இப்படிப் பண்ணிட்டேன். நீங்க என்னத்தக் கேட்டியளோ, நான் சொன்னது வாக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லல. போயிருங்க சித்தி. சுடலமுத்து அண்ணன்ட்ட நானே போய்ச் சொல்லிருதேன். ஊரு என்ன வேணாலும் பேசட்டும்." கடைசி வார்த்தைகள் அழுகையாக வந்தன.

மாரித்தாய் நிமிர்ந்தாள். "தெரியும்லே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சொடலைக்குக் காதுக்குள்ள பச்ச லைட்டு எரியுமாலே?"

மணிராஜின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"ஆடின ஆட்டத்துல குல்லா மேல ஏறிட்டு. எடது காது வெளிய தெரியுது. மினுக்கு மினுக்குன்னு பச்சையா எரியுது. ஒனக்குப் பின்னாலயே சுடலமுத்து நிக்கான். அவன் கண்ணுல பட்டா ஒன்ன அங்கனயே உரிச்சித் தொங்க விட்டுருவானே. நான் 'குல்லாவ எறக்குலே, எறக்குலே'ன்னு கத்துதேன். நீ என்னன்னா 'ஆகட்டும்'ங்க. திருநீற அள்ளி அப்புத. பொறவு நாந்தான் கும்பிடுத மாதிரி கையத் தூக்கிக் குல்லாவ இழுத்து விட்டேன்."

தலையைத் தொட்ட கை அதுதான். மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்து, கண்ணாடி முன் நின்று தேடிய சொல்லும் அதுதான். மணிராஜுக்குச் சிரிப்பு வந்தது. அழுதுகொண்டே சிரித்தான். மாரித்தாயும் சிரித்தாள். அவன் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

"அப்ப நீங்க ஒண்ணுமே கேக்கலியா சித்தி?"

அவள் சிரிப்பு நின்றது.

"கேக்கத்தான வந்தேன். வரிசையில நின்னுல்லா வந்தேன். கிட்ட வந்து பாத்தா அங்கன நீதான இருந்த."

காற்று அவள் முந்தானையை அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கேக்க வந்திய?" என்று அப்புறம் கேட்டான்.

"போகவா வேண்டாமான்னு கேக்க வரல. போகணும்னு எனக்குத் தெரியாதா? ஒங்க சித்தப்பா அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாரு. வேன்லதான் கொண்டு வந்தோம். போனா திரும்பி வருவேனா? அந்த ஒரு வார்த்ததான். ஆகட்டும்னு சொடல சொல்லிருந்தா, அத மடியில முடிஞ்சிக்கிட்டு இன்னைக்குக் காலைல பஸ் ஏறிருப்பேன். சொல்ல ஆளு இல்ல. பயமா இருக்குலே. அதான் களைக்கு வந்துட்டேன். குனிஞ்சி கெடந்தா ஒண்ணும் தோண மாட்டேங்கு."

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல். அது மணிராஜின் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று கொடையாக எத்தனையோ பேருக்கு வாரி இறைத்த சொல். இப்போது அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியலியே சித்தி" என்றான். "நானும் கூட வாரேன்."

"நீ வந்து?"

"வந்து நிக்கேன்."

மாரித்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கரையேறினாள். "நாளைக்குக் காலைல வண்டி" என்றாள். "சுடலமுத்துட்ட சொல்லுத சோலியப் பொறவு வச்சிக்கோ. மொதல்ல என் சோலியப் பாரு."

"சித்தி, ஒருவேள அன்னைக்கு நெசமாவே சாமி வந்திருக்குமோ?" என்று அவன் பின்னாலேயே கேட்டான். கடைசி நேரத்தில் தானே தனக்குத் தட்டுப்படாமல் போனது அவன் மனதில் கிடந்து அரித்தது.

"உள்ள இருந்தவன் நீ. என்ட்ட கேக்க?" என்று சொல்லிவிட்டு அவள் புளியமரத்துப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மாரித்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு கட்டைப்பை. அதில் மாற்றுச் சேலை, தட்டு, டம்ளர், போர்வை. கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டினாள்.

"அத எடு. அப்படி என்னத்தத்தான் கேட்டன்னு பாப்போம்."

மணிராஜ் தயங்கி எடுத்துக் கொடுத்தான். அவள் காதில் அவனே மாட்டிவிட்டான். கொடையன்று ஓடிய அதையே போட்டுவிட்டு, கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவனைப்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புருவம் சுருங்கியது. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனான். வயல்கள் போயின. செங்கல் சூளை போயிற்று. அவள் கழற்றவில்லை.

"பேச்சே இல்லியே" என்றாள், காதில் இருக்கிற சத்தத்துக்கு மேல் கத்தி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இருக்காது சித்தி."

"யாரோ வாராப்புல இருக்கு. வாராங்க, வாராங்க, வாராங்க. வரமாட்டேங்காங்க."

மணிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கோவாவிலிருந்து வந்தபிறகு இந்த இசையைப் பற்றி ஒரு ஆள் அவனிடம் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் இப்படிப் பேசியது. அவளிடம் எவ்வளவோ சொல்ல வேண்டும்போல இருந்தது, அந்த முந்திரிக் காட்டை, டீசல் தீர்ந்ததை, எல்லாவற்றையும். அவள் விரல்கள் கட்டைப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். "அப்படித்தான் சித்தி" என்று மட்டும் சொன்னான்.

"வயித்தக் கலக்குது" என்றாள். ஆனாலும் பாளை பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, இங்கே கேட்டு அங்கே கேட்டுப் பெண்கள் வார்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆம்பளைகள் இதற்குமேல் வரக் கூடாது, தேவைப்பட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வாசலில் எத்தனையோ புருஷன்மார், மகன்மார். சிலர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள், சிலர் போனில் படம் பார்த்தார்கள். வாசலைத் தாண்டப் போன மாரித்தாய் திரும்பி வந்தாள். பஸ்ஸில் அவனிடம் வாங்கிய இயர்பட்ஸ் அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா, இத உள்ள வையி. எனக்குச் சொல்லுததுக்கு நீ சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா கூப்பிட்டா கேக்கணும்லே. காதத் தொறந்து வச்சிட்டு இங்கனயே நில்லு."

"நிக்கேன் சித்தி."

அவள் பையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். மணிராஜ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தள்ளுவண்டிச் சத்தம், குழந்தை அழுகிற சத்தம், எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம், தூங்குகிறவரின் குறட்டை. உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகி, ஜமீலா பீவி, ஆவுடைத்தாய். ஒவ்வொரு பெயருக்கும் அவன் நெஞ்சு எழும்பி எழும்பி அடங்கியது. மத்தியானம்வரை மாரித்தாய் என்று யாரும் கூப்பிடவில்லை. அவன் அந்த வாசலைவிட்டு ஒரு டீ குடிக்கக்கூட நகரவில்லை.